மான் பருவத்துக்கு முன் வில்லில் எதை முதலில் பார்ப்பது? பிராட்ஹெட் மட்டும் இடது பக்கம் போகிறது

ஓடைக்கரை:

போன பருவம் முடிந்ததும் பையில் போட்டு வைத்த காம்பவுண்ட் வில்லை இப்போதுதான் வெளியே எடுத்தேன். 60 பவுண்டு இழுவிசை, இரட்டை கேம் (நாண் ஏறிச் சுழலும் முனைச் சக்கரம்). மான் பருவம் திறக்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

நாணில் கேம் பக்கமாக மெல்லிய பிசிறு தெரிகிறது. முழுதாக இழுத்துப் பிடித்தால் பீப் (நாணில் கட்டிய, குறிபார்க்கும் துளை) கண்ணுக்கு நேரே வராமல் ஓரமாகத் திரும்பி நிற்கிறது. தலையைக் கொஞ்சம் சாய்த்தால்தான் பின் (வில்லில் உள்ள குறிமுள்) தெரிகிறது. இதையெல்லாம் விடப் பெரிய கவலை, 30 மீட்டரில் ஃபீல்ட் பாயிண்ட் (பயிற்சிக்கான, பிளேடு இல்லாத முனை) அம்புகள் நடுவில் அழகாகக் குவிகின்றன. அதே அம்பில் 100 கிரெய்ன் எடையுள்ள ஃபிக்ஸட் பிளேடு பிராட்ஹெட் (பிளேடு மடங்காத, வேட்டைக்கான வெட்டு முனை) மாட்டினால் இடது பக்கம் ஒரு கையகலம் தள்ளி, கொஞ்சம் தாழ்வாக விழுகிறது. என்னோடு வேட்டைக்கு வருபவர் பின்னை இடது பக்கம் நகர்த்தினால் போதும் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

பருவத்தின் பின்பாதிக்கு 308 ரைஃபிளும் இருக்கிறது. குழலுக்குள் எண்ணெய் விட்டுத்தான் வைத்திருந்தேன். முதல் குண்டு மட்டும் தனியாக மேலே போகிறது, அப்புறம் வருபவை எல்லாம் ஓரிடத்தில் விழுகின்றன. எதை முதலில் தொடுவது, எதைத் தொடவே கூடாது?

மூங்கில்காடு:

பின்னை நகர்த்துவதில் தப்பில்லை. நான் அப்படித்தான் செய்வேன். ஆனால் நகர்த்திய பிறகு பருவம் முடியும் வரை பயிற்சியும் பிராட்ஹெட்டில்தான், ஃபீல்ட் பாயிண்ட் பக்கம் போகக் கூடாது. இன்னொரு வழி மெக்கானிக்கல் பிராட்ஹெட். பறக்கும்போது பிளேடு மடங்கி இருப்பதால் ஏறக்குறைய ஃபீல்ட் பாயிண்ட் மாதிரியே போகும். 60 பவுண்டு வில் அதை விரிக்கத் தாராளம்.

நாண்முறுக்கி:

ஓடைக்கரை, பின்னைத் தொடாதீர்கள். அம்பு அமரும் ரெஸ்டையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். பீப் திரும்பியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நாணைத்தான். நாண் நீண்டால் கேம் நிற்கும் நிலை மாறும், கேம் மாறினால் அம்பு கிளம்பும் விதமே மாறும். நீங்கள் சொன்ன பிசிறு, பீப், பிராட்ஹெட் மூன்றும் தனித்தனிக் கோளாறு என்று எனக்குத் தோன்றவில்லை. நாணில் ஆரம்பித்து, அம்பைப் பார்த்து, கடைசியில் இலக்குக்குப் போங்கள். வரிசையை மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டி வரும்.

நாண் கட்டுவதும், கேம்களை இழுத்துப் பிடிக்கும் கேபிளை மாற்றுவதும்தான் என் வேலை. மேசைக்கு ஒரு வில் வந்ததும் நான் அதை இழுப்பதில்லை. ஒரு உருண்டை பஞ்சை எடுத்து, வில்லின் வளையும் கைகளான லிம்ப் நான்கின் விளிம்பிலும் மெதுவாக ஓட்டுவேன். கண்ணுக்குத் தெரியாத விரிசலில் கூடப் பஞ்சு இழை மாட்டிக்கொள்ளும். மாட்டினால் அந்த வில்லை இழுக்கவே கூடாது. பஞ்சு வழுக்கிக்கொண்டு போனால்தான் அடுத்த வேலை. கேமின் விளிம்பிலும் அதே பஞ்சை ஒரு சுற்று விடுங்கள். எங்காவது பாறையில் தட்டிச் சின்னப் பல் விழுந்திருந்தால், நாணை அறுப்பது அதுதான்.

அப்புறம் நாண். பிசிறு என்றீர்களே, அது எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். வெறும் நாணில், மேலோட்டமாகப் பூனைமுடி போல எழுந்திருந்தால் மெழுகு காய்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு மெல்லிய நூலை நாணைச் சுற்றி ஒரே ஒரு சுற்றுப் போட்டு, இரண்டு முனையையும் பிடித்து மேலிருந்து கீழே இழுங்கள். பழைய மெழுகும் அதில் ஒட்டிய அழுக்கும் கறுப்பாகத் திரண்டு வரும். துடைத்துவிட்டுப் புது மெழுகை லேசாகத் தடவி, சூடு தெரியும் வரை விரலால் உருட்டித் தேயுங்கள். அந்தச் சூட்டில்தான் மெழுகு இழைகளுக்குள் இறங்கும். மேலே அப்பி வைத்தால் மண்ணைத்தான் பிடிக்கும். சர்விங் (நாணைக் காக்க மேலே சுற்றிய நூல்) மேல் மெழுகு வேண்டாம், கேமின் பள்ளத்திலும் வேண்டாம்.

பிசிறு ஒரு முழு இழை அறுந்ததால் வந்தது என்றால் மெழுகு எதையும் காப்பாற்றாது. சர்விங் பிரிந்து உள்ளே இழை தெரிந்தாலும் அதே கதைதான், குறிப்பாகக் கேமில் நாண் மடங்கி ஏறும் இடத்தில். நாணும் கேபிளும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழசு தன் போக்கில் நீண்டுகொண்டே இருக்கும். இப்போதைய நாண்கள் பெரும்பாலும் டைனீமா வகை இழை, அல்லது அதோடு வெக்ட்ரான் கலந்தது. டைனீமா வலுவானது, ஆனால் சூடும் இழுவையும் சேர்ந்தால் மெல்ல மெல்ல நீளும். வெக்ட்ரான் சேர்ப்பதே அதைத் தடுக்கத்தான். வெயிலில் மூடிய காருக்குள் வில்லை விட வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் மன்றாடுவதும் இதனால்தான். லிம்பின் ஒட்டுக்கும் அந்தச் சூடு ஆகாது.

லிம்பை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் இல்லாமல் நாணைக் கழற்றவே கூடாது. இழுத்த வில்லை அம்பில்லாமல் விடவும் கூடாது, சோதிக்கக் கூட வேண்டாம். அம்பு வாங்கிக்கொள்ள வேண்டிய சக்தி முழுக்க லிம்பிலும் கேமிலும் இறங்கிவிடும்.

புது நாண் போட்டால் நூறு, இருநூறு அம்பு விட்ட பிறகுதான் அது நிலைக்கு வரும். அதற்கு முன் பீப்பை இறுக்கிக் கட்டாதீர்கள். நிலைக்கு வந்த பிறகும் கொஞ்சம் திரும்பி நின்றால் டி-லூப்பின் (அம்பின் பின்முனையில் நாணில் கட்டிய சின்ன வளையம்) முடிச்சை நாணைச் சுற்றி ஒரு மயிரிழை நகர்த்திப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பிரஸ்ஸில் வைத்து நாணின் ஒரு முனையில் அரை முறுக்கு. இதெல்லாம் முடிந்ததும் பிரேஸ் ஹைட்டையும் (கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி), கேமின் அச்சான ஒரு ஆக்ஸிலிலிருந்து மறு ஆக்ஸில் வரை உள்ள நீளத்தையும் அளந்து லிம்பின் உள்பக்கம் ஒரு ஒட்டுநாடாவில் எழுதி ஒட்டுங்கள். கேம் கேபிளைச் சந்திக்கும் இடத்தில் வெள்ளைப் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த வருடம் பையைத் திறந்ததும் ஏதாவது நகர்ந்திருக்கிறதா என்று அந்தக் கோடே சொல்லும்.

இப்போது அம்பு. கார்பன் அம்பை இரண்டு முனையிலும் பிடித்து, முகத்தை விட்டுத் தள்ளி வைத்து, லேசாக வளைத்துச் சுழற்றிக்கொண்டே காதைக் கொடுங்கள். நறநற என்று மெல்லிய ஒலி வந்தால் உடைத்துப் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட கார்பன் அம்பு விடும்போது நொறுங்கி வில் பிடித்த கையைக் கிழித்துக்கொண்டு போகும். இதில் மட்டும் யாருக்கும் சலுகை தராதீர்கள். நல்ல அம்பில் பிராட்ஹெட்டை மாட்டி, முனையை ஒரு கட்டைமேல் ஊன்றிப் பம்பரமாகச் சுற்றுங்கள். முனையும் குழாயும் சேரும் இடம் ஆடினால் அது நேராகப் பறக்காது, வில்லைக் குறை சொல்லிப் பயனில்லை.

பிறகுதான் இடது பக்கம் போகும் பிரச்சினை. ஃபிக்ஸட் பிளேடு என்பது அம்பின் முன்னால் மாட்டிய இறக்கை. அம்பு கொஞ்சம் கோணலாகக் கிளம்பினாலும் அந்த இறக்கை காற்றைப் பிடித்து அதைப் பெரிதாக்கிக் காட்டும். ஃபீல்ட் பாயிண்டில் பின்னால் உள்ள வேன் (வால் இறகு) அந்தக் கோணலைத் திருத்திவிடுவதால் உங்களுக்குத் தெரிவதில்லை. பின்னை நகர்த்தினால் அம்பு கோணலாகவே பறந்து 30 மீட்டரில் மட்டும் நடுவில் விழும். 20-இல் வேறு, 40-இல் வேறு. மூங்கில்காடு சொல்லும் மெக்கானிக்கலும் கோணலை மறைக்கத்தான் செய்கிறது. கோணலாகப் போய்த் தைக்கும் அம்பு தன் வேகத்தைப் பக்கவாட்டில் வீணாக்கும், ஆழமாக இறங்காது. மானுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய அநியாயம் அது. பிராட்ஹெட் கொல்வது அதிர்ச்சியால் இல்லை, வெட்டி இரத்தம் வெளியேற்றித்தான். பாதி ஆழம் போன அம்போடு மான் ஓடினால் அது எங்கோ கிடந்து சாகும்.

வேன்களில் பாதத்துக்குப் போடும் பவுடரைத் தூவி ஒரு அம்பு விடுங்கள். ரெஸ்டில் எங்காவது உரசினால் பவுடர் அழிந்த தடம் தெரியும், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். உரசல் இல்லை என்றால் ரெஸ்டுக்கு வாருங்கள். பிராட்ஹெட் எந்தப் பக்கம் வர வேண்டுமோ அந்தப் பக்கம் ரெஸ்டை நகர்த்துவதுதான் விதி. உங்களுக்கு வலப்பக்கம், கொஞ்சம் மேலே. ஒரே தடவையில் அரை மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். இரண்டு வகை அம்பும் ஒரே இடத்தில் விழும் வரை நகர்த்தி, அதற்குப் பிறகு பின்னை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோங்கள்.

சத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். அம்பு விநாடிக்கு 85 மீட்டர் வேகத்தில் கிளம்பினாலும் 30 மீட்டருக்கு 0.36 விநாடி வரை எடுக்கும். நாணின் ஓசை 0.09 விநாடியில் மானின் காதுக்குப் போய்விடும். மிச்சமிருக்கும் கால் விநாடியில் மான் ஓடுவதற்காகக் காலை மடக்கி உடலைத் தாழ்த்தும், அம்பு முதுகுக்கு மேலே போகும். அதனால் ஒரு நாள் மாலை ஆலன் கீயோடு உட்கார்ந்து பின், ரெஸ்ட், அம்பறாத்தூணி, நாண் அதிர்வை நிறுத்தும் ஸ்டாப்பர் எல்லா ஸ்க்ரூவையும் பாருங்கள். ரைசரை (வில்லின் நடுச்சட்டம்) விரல் முட்டியால் தட்டினால் தளர்ந்தது எது என்று கேட்கும். அம்பு படும் இடத்தில் ஒரு துண்டு ஃபெல்ட் ஒட்டுங்கள்.

குளிர்குழல்:

ரைஃபிள் பக்கம் நான் சொல்கிறேன். காலியாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

உங்கள் முதல் குண்டு தனியாகப் போவதற்குக் குழலில் இருக்கும் எண்ணெய்தான் காரணமாக இருக்கும். துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் விடுவது சரிதான், ஆனால் சுடுவதற்கு முன் காய்ந்த துணித் துண்டுகளை, ஒன்று சுத்தமாக வெளியே வரும் வரை, உள்ளே விட்டு எடுக்க வேண்டும். சுத்தம் செய்யும் கம்பியை எப்போதும் குண்டு போடும் சேம்பர் பக்கத்திலிருந்து, அதை நேராகச் செலுத்தும் போர் கைடு வைத்து நுழையுங்கள். குழல் வாய் விளிம்பில் கம்பி உரசிக்கொண்டே இருந்தால் குறி கெடும். செம்புப் படிவுக்கு சால்வென்ட் போட்டால் துணி நீலப்பச்சையாக வரும். அப்போது வெண்கல பிரஷ் பயன்படுத்தினால் பிரஷ்ஷின் செம்பும் கரைந்து அதே நிறம் காட்டும், குழல் இன்னும் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பீர்கள். அந்த வேலைக்கு நைலான் பிரஷ்தான்.

சுத்தம் செய்த கையோடு காட்டுக்குப் போகாதீர்கள். சில குண்டு சுட்டுக் குழலைப் பழக்கி, அப்படியே விட்டு, மறுநாள் குளிர்ந்த குழலில் ஒரே ஒரு குண்டு சுட்டுப் பாருங்கள். மான் மேல் விடப்போவது அந்த முதல் குண்டைத்தான். ஸ்கோப் வளைய ஸ்க்ரூக்களைக் கைக்கணக்கில் முறுக்காமல், முறுக்கு விசையை அளக்கும் டார்க் டிரைவரால் பாருங்கள், பெரும்பாலானவற்றுக்கு 15 முதல் 20 அங்குல-பவுண்டு. அதற்கு முன் ஸ்கோப்பின் குறி திருத்தும் கிளிக்கைத் திருப்ப வேண்டாம். கால் எம்ஓஏ (சின்னக் கோண அளவு) கிளிக் ஒன்று 100 மீட்டரில் 7 மில்லிமீட்டர்தான், தளர்ந்த ஸ்க்ரூ அதைவிட அதிகம் நகர்த்தும்.

குளிரில் சுற்றிவிட்டு வந்தால் துப்பாக்கியை உறையோடு வைத்து அறையின் சூட்டுக்கு வரவிட்டுத் திறங்கள். சட்டென்று திறந்தால் உலோகம் முழுக்க வியர்த்துவிடும்.

ஓடைக்கரை:

மூவருக்கும் நன்றி. பஞ்சு எங்கும் மாட்டவில்லை. ஆனால் மேல் கேமில் சர்விங் பிரிந்து உள்ளே ஒரு இழை அறுந்திருந்தது. நாணும் கேபிளும் மாற்றி நிலைக்கு வரவிட்டேன். பீப் நேராகிவிட்டது. ரெஸ்டைத் தொடுவதற்கு முன்பே பிராட்ஹெட்டின் விலகல் கையகலத்திலிருந்து இரண்டு விரல் அளவுக்குக் குறைந்தது. மிச்சம் ரெஸ்டின் இரண்டு சின்ன நகர்த்தலில் போய்விட்டது. வளைத்துப் பார்த்ததில் ஒரு அம்பு நறநறத்தது, உடைத்துப் போட்டேன். ரைஃபிளில் முதல் குண்டும் இப்போது மற்றவற்றோடு சேர்ந்துவிட்டது.

இரண்டு சந்தேகம். மழையில் நனைந்தால் நாணுக்கு உடனே மெழுகு போடலாமா? பயிற்சியில் விட்ட பிராட்ஹெட்டையே வேட்டைக்கு எடுத்துப்போகலாமா?

நாண்முறுக்கி:

சர்விங்கில்தான் இருந்திருக்கிறது. நல்லவேளை, இப்போதே தெரிந்தது.

நனைந்த நாணை முதலில் துணியால் ஒற்றி, அறைக்குள் தானாகக் காயவிடுங்கள். அடுப்போ ஹீட்டரோ பக்கத்தில் வேண்டாம். முழுக்கக் காய்ந்த பிறகுதான் மெழுகு, இல்லையென்றால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கேம் ஆக்ஸில் பக்கம் ஒரு சொட்டு எண்ணெய், வழிந்தால் துடைத்துவிடுங்கள், நாணில் பட விடாதீர்கள்.

பயிற்சிக்கு விட்ட பிளேடு வேட்டைக்கு வேண்டாம். நுரை இலக்கே அதன் முனையை மழுக்கிவிடும். பிராட்ஹெட்டின் உடலைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம், பிளேடு மட்டும் புதுசு. சந்தேகம் என்றால் ஒரு ரப்பர் பேண்டை இழுத்துப் பிடித்து பிளேடை அதன்மேல் லேசாக வையுங்கள், கூர் இருந்தால் அழுத்தாமலே அறுந்துவிடும். புது பிளேடு மாட்டியதும் அந்த அம்பை மறுபடி ஒரு தடவை சுழற்றிப் பார்த்துவிட்டு அம்பறாத்தூணியில் செருகுங்கள்.