புதுப்பிப்பு: ஜென்னா, சான்ட்ரோவா? முடிவு எடுத்தாச்சு

பழைய மாருதி ஜென், ஹூண்டாய் சான்ட்ரோ இரண்டில் எதை வாங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

எஞ்சின் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஜென் 993 சிசி, சான்ட்ரோ 999 சிசி. ஆனால் ஓட்ட ஜென்தான் சுகம். தாழ்வான வண்டி, ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் திரும்புகிறது. இரண்டாவது கியரில் அது இழுக்கிற இழுப்பு, அடடா!

அப்புறம் அம்மாவை ஏற்றிப் பார்த்தேன். முழங்கால் வலிக்காரர். ஜென்னிலிருந்து கதவு விளிம்பைப் பிடித்து, மூச்சு வாங்கித்தான் எழுந்தார். சான்ட்ரோவில் சீட்டும் உயரம், கூரையும் உயரம். நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்துவிட்டார். ஏசி போட்டு மேம்பாலம் ஏறினால் கொஞ்சம் திணறுகிறது, பரவாயில்லை.

சான்ட்ரோவுக்கே அட்வான்ஸ் கொடுத்தாச்சு. டைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயங்க வைக்கும் பட்டை) மாற்றியதற்கு பில் இல்லை. வண்டி கைக்கு வந்ததும் முதல் வேலை அதை மாற்றுவதுதான்.