"நீ யாரு?"ன்னு மாமியார் கேக்குறப்ப – மன அமைதி கிடைச்ச அனுபவம்

மதுரைக்காரி:

மன அமைதி எங்க கிடைச்சுச்சுன்னு இங்க கேட்டதுக்கு எல்லாரும் இமயமலை, ஆசிரமம்னு எழுதியிருக்கீங்க, படிக்கவே சந்தோஷமா இருக்கு. எனக்குக் கிடைச்சது எங்க ஊரு கடைத்தெருவுக்குள்ளயே.

எங்க மாமியாருக்கு மறதி நோய். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு "எங்க வீட்டுக்குப் போகணும், கதவத் தொற"ன்னு தாழ்ப்பாளப் புடிச்சு ஆட்டுவாங்க, இதுதான் உங்க வீடு அத்தைன்னா நம்ப மாட்டாங்க. ஈரத்துணி அலசுறது, சோறு ஊட்டுறது எல்லாம் பழகிருச்சு, ஆனா மூஞ்சியப் பாத்து "நீ யாரு, இங்க என்ன பண்ற?"ன்னு கேப்பாங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியாது. இவ்வளவு செஞ்சும் இப்படியான்னு ஒரு ஆத்திரம் வரும், அப்புறம் விடியற வரைக்கும் பொட்டுத் தூக்கம் கிடையாது.

மீனாட்சி அம்மன் கோயில் தெக்குக் கோபுரத்துக்குப் பக்கத்துல சொக்கப்ப நாயக்கன் தெருன்னு ஒண்ணு, அங்க ரமண மந்திரம்னு ஒரு வீடு இருக்கு. ரமண மகரிஷியோட சித்தப்பா குடும்பம் இருந்த வீடு. 1896 ஜூலையில, அப்ப அவர் பேரு வேங்கடராமன், 16 வயசு, உடம்புக்கு ஒண்ணுமே இல்ல, திடீர்னு செத்துப் போகப்போறோம்னு ஒரு பயம் புடிச்சிருக்கு. யாரையும் கூப்பிடல, அப்படியே நீட்டிப் படுத்து, கைகால பொணம் மாதிரி வெறைக்க வச்சு, வாய இறுக்கி மூடிக்கிட்டு, சரி உடம்பு செத்துருச்சு, தூக்கிட்டுப் போய் எரிச்சிருவாங்க, அதோட நானும் செத்தேனா, இந்த உடம்புதான் நானான்னு உள்ளுக்குள்ள பாத்திருக்காரு. மரண பயம் அன்னைக்கோட போயிருச்சுன்னு பின்னாடி அவரே சொல்லியிருக்காரு. ஆறு வாரம் கழிச்சு, அண்ணனோட காலேஜ் ஃபீஸுக்குன்னு இருந்த 5 ரூபாயில 3 ரூபாய எடுத்துக்கிட்டு, மிச்சம் 2 ரூபாயக் கடுதாசியோட வச்சிட்டுக் கிளம்பினவரு, செப்டம்பர் 1 திருவண்ணாமலை போய்ச் சேந்தாரு, 1950ல உடம்ப விடுற வரைக்கும் அந்த மலைய விட்டு வரவே இல்ல.

அந்த வீட்டுல உக்காந்தா வெளிய ஹாரன் சத்தம், கடைக்காரங்க பேரம் பேசுறது எல்லாம் கேட்டுக்கிட்டேதான் இருக்கும், அமைதின்னா காதுக்கு இல்லைன்னு அங்கதான் புரிஞ்சுச்சு. அவர் சொன்ன வழி ரொம்ப நேரடியானது. ஒரு எண்ணம் வந்தா அது பின்னாடி ஓடாத, இது யாருக்கு வந்துச்சுன்னு கேளு, எனக்குன்னு பதில் வரும், அந்த நான் யாருன்னு திரும்பிப் பாரு. இதுக்கு சாமி ரூம் வேணாம், குளிச்சிருக்கணும்னு இல்ல, அடுப்படியிலயும் செய்யலாம்.

அப்புறம் ஒரு ராத்திரி அதே தாழ்ப்பாள் சத்தம், அதே "நீ யாரு?". ஆத்திரம் தொண்டை வரைக்கும் ஏறுச்சு. இது யாருக்கு வலிக்குதுன்னு கேட்டேன். இந்த வீட்டு மருமகளுக்கு, செஞ்சதுக்கெல்லாம் கணக்கு வச்சிருக்கவளுக்கு. அந்தக் கணக்குக்காரிய அப்படித் தனியாப் பாத்ததும் தொண்டையில இருந்தது மெல்ல எறங்கிருச்சு. "ஒங்க கூட இருக்கவதான் அத்தை, விடிஞ்சதும் போவோம், இப்ப படுங்க"ன்னேன், என் வெரலப் புடிச்சுக்கிட்டே வந்து படுத்தாங்க.

நோய் நோயாத்தான் இருக்கு, டாக்டர் மருந்தெல்லாம் விடாம குடுக்குறோம். சில ராத்திரி கோவம் வரத்தான் செய்யுது, ஆனா தங்குறதில்ல. ரயில்ல ஏறின பிறகும் மூட்டையத் தலையில வச்சுக்கிட்டு ஏன் கஷ்டப்படணும்னு ரமணர் கேப்பாரு, அத நெனச்சாலே எனக்கு மூச்சு லேசாகும்.

குரோம்பேட்டை தம்பி:

அக்கா, கண்ணு கலங்கிருச்சு. நான் சென்னைக்குப் பக்கத்துல திருமுடிவாக்கத்துல விபாசனா தியான முகாம் போயிட்டு வந்தேன், கோயங்காங்கற தியான ஆசிரியர் சொல்லிக் குடுத்த முறை, 10 நாள், போனை வாங்கி வச்சுருவாங்க, பேசக் கூடாது, காலைல 4 மணிக்கு மணி அடிக்கும், கட்டணம் எதுவும் கிடையாது. மொத மூணு நாள் மூக்குல மூச்சு போயிட்டு வர்றத மட்டும் கவனிக்கணும், அப்புறம் உடம்பு பூரா என்ன தெரியுதோ அத. ஒரு மணி நேரம் அசையாம உக்காருன்னு சொல்லுவாங்க, முட்டி பத்தி எரியும், காலை மாத்தாம அந்த வலியவே பாத்துக்கிட்டு இருந்தா அது கூடுறதும் கொறையறதும் நல்லாவே தெரியும். இப்ப ஆபீஸ்ல மேனேஜர் கத்துறப்ப மொதல்ல என் வயிறு இறுகுறது தெரியுது, அது தெரிஞ்சா போதும் பதிலுக்குக் கத்த மாட்டேன். நீங்க சொன்னதும் இதும் வேற வேற வழிதான், ஆனா அந்தக் கோவத்துக்கும் நமக்கும் நடுவுல கொஞ்சம் எடம் கிடைக்குது பாருங்க, அது ஒண்ணாத்தான் தோணுது.

திருச்சி வாசகி:

அக்கா, எங்க அம்மாவுக்கும் இதே நோய். திருவண்ணாமலைக்குக் கூட்டிட்டுப் போகலாமா?

மதுரைக்காரி:

போகலாம்மா, ஆனா பௌர்ணமி வேணாம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், அன்னைக்கு நிக்க எடமிருக்காது, புது எடம் கூட்டம்னா அம்மா பயந்துருவாங்க. சாதாரண நாள்ல, கூடத் தொணைக்கு ஒரு ஆள வச்சுக்கிட்டுப் போங்க. ரமணாசிரமத்துல உக்காந்து அம்மா கையப் புடிச்சுக்கங்க. அவங்களால முடியலைன்னா வீட்டுல யாரையாவது விட்டுட்டு நீங்க மட்டும் ஒரு நாள் போயிட்டு வாங்க, பாத்துக்கிறவங்களுக்கும் அது வேணும்.