ஈர்ப்போடு பிணைந்த ஸ்கேலர் புலமும் பேரண்ட வீக்கமும்: ஓர் ஐயம்

கேள்வி:
முதுநிலை இயற்பியல் படிக்கிறேன். ஸ்கேலர் புலம் (ஒவ்வொரு புள்ளியிலும் திசையில்லாத ஒற்றை எண்ணை மதிப்பாகக் கொண்ட புலம்) தன் நிலையாற்றல் சரிவில் மெதுவாக உருளும்போது, அதன் எதிர்மறை அழுத்தத்தால் பேரண்டம் தன் தொடக்கக் கணங்களில் அடுக்குக்குறி வேகத்தில் விரிகிறது, அதுவே வீக்கம் என்பது வரை புரிகிறது. ஆனால் நிலையாற்றல் புலத்தின் நான்காம் படியாக உயரும் எளிய மாதிரியைப் பிளாங்க் செயற்கைக்கோளின் அளவீடுகள் தள்ளிவிட்டன. அடிப்படைத் துகள்களுக்கு நிறை தரும் ஹிக்ஸ் புலத்தின் நிலையாற்றலும் பெருமதிப்புகளில் அதே வடிவம்தான். பிறகு எப்படி ஹிக்ஸ் புலமே வீக்கத்தை நடத்தியிருக்கலாம் என்கிறார்கள்?

பதில் 1:
புலம் ஈர்ப்போடு பிணையும் விதத்தில்தான் வேறுபாடு இருக்கிறது. 2007-இல் பெஸ்ருகோவும் ஷாபோஷ்னிகோவும் முன்வைத்த மாதிரியில், புலத்தின் இருபடி, காலவெளி எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதை அளக்கும் ரிச்சி வளைவோடு, பிணைப்பு எண் என்ற ஒரு மாறிலியும் சேர, நேரடியாகப் பெருக்கப்படுகிறது. எனவே ஈர்ப்பின் வலிமையே புலத்தின் மதிப்பைப் பொறுத்து மாறுகிறது. அளவைகளை மாற்றியமைத்து ஈர்ப்பை ஐன்ஸ்டைனின் வழக்கமான வடிவுக்குக் கொண்டுவந்தால், நிலையாற்றலுக்குக் கீழே ஒரு வகுத்தி வந்து சேர்கிறது: ஒன்றுடன், பிணைப்பு எண்ணால் பெருக்கிய புலத்தின் இருபடியைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை இருபடியாக்கியது. புலம் சிறிதாயிருந்தால் வகுத்தி ஒன்றுதான், எதுவும் மாறாது. பெரிதானால் வகுத்தியும் நான்காம் படியாக வளர்ந்து மேலே உள்ளதை அடித்துவிடுவதால், செங்குத்தான சரிவு சமவெளியாகிவிடுகிறது.

கேட்டவர்:
நன்றி ஐயா. அந்தப் பிணைப்பு எண் எவ்வளவு பெரிது?

பதில் 2:
சமவெளியின் உயரத்தை, பேரண்டத்தின் இளம் பருவத்திலிருந்து எஞ்சியுள்ள நுண்ணலைப் பின்புலக் கதிர்வீச்சில் காணும் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு ஏற்றத்தாழ்வே முடிவு செய்கிறது. ஹிக்ஸின் நிறை 125 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் என்பதிலிருந்து கிடைக்கும் தன்னிணைப்பு எண்ணை (புலம் தன்னோடு தானே வினைபுரியும் வலிமை), ஏறத்தாழ 0.13, அப்படியே இட்டால் பத்தாயிரத்துக்கும் மேலான எண் வருகிறது. எனக்கு இது உறுத்தலாகவே இருக்கிறது. பிளாங்க் ஆற்றலை (ஈர்ப்பின் குவாண்டம் விளைவுகள் முக்கியமாகும் ஆற்றல்) அந்தப் பிணைப்பு எண்ணால் வகுத்த எல்லைக்கு மேல் கோட்பாட்டின் கணக்குகளை நம்ப முடியாது, வீக்கமோ அதற்கு மேலேதான் நடக்கிறது.

ஆயினும் கணிப்பு அழகானது. 60 இ-மடங்கு விரிவுக்கு (ஓர் இ-மடங்கு என்பது சுமார் 2.718 மடங்கு விரிவு), ஈர்ப்பலைகளின் பங்கைக் குறிக்கும் விகிதம் எளிய மாதிரியில் 0.26-ஐத் தாண்டுகிறது, இங்கே 0.003 மட்டுமே. தென் துருவத்திலிருந்து நுண்ணலைப் பின்புலத்தை அளக்கும் பைசெப்–கெக் குழு 2021-இல் இந்த விகிதத்துக்கு இட்ட மேல்வரம்பு 0.036.

பதில் 3:
ஒரு திருத்தம். வீக்கத்தின்போது புலத்தின் மதிப்பே பெரிதாக இருப்பதால், கணக்குகளை நம்ப முடியாது என்று பதில் 2 சொன்ன எல்லையும் கூடவே உயர்கிறது. சிக்கல் பின்னால்தான்: வீக்கம் முடிந்து புலம் சுழியத்தைக் கடந்து அலையும் கணங்களில். மற்றபடி, வளைவின் இருபடியை மட்டும் சேர்த்த ஸ்டாரோபின்ஸ்கியின் 1980 மாதிரியும் கிட்டத்தட்ட இதே எண்களைத்தான் தருகிறது. அதற்குள்ளும் இப்படியொரு சமவெளி ஒளிந்திருக்கிறது. ஏற்றத்தாழ்வுகளின் வலிமை அவற்றின் நீளத்தைப் பொறுத்து எப்படி மாறுகிறது என்பதைச் சொல்லும் நிறமாலைக் குறியெண்ணாக இரண்டும் தருவது 0.967. சிலியிலுள்ள அட்டகாமா நுண்ணலைத் தொலைநோக்கியின் 2025 தரவைப் பிளாங்க் தரவோடும், விண்மீன் மண்டலங்களின் பரவலை அளக்கும் டெசி தரவோடும் இணைத்தால், அதைவிடச் சற்றுக் கூடுதலாக 0.974 வருகிறது.