கோயில் கூரைக்கு ராஃபிள் (பரிசுச் சீட்டுக் குலுக்கல்): பதிவு வேண்டுமா, வேண்டாமா?

உம்பிலோவாசி:
20 ரேண்ட் சீட்டு 2,000 அடித்து விற்றால் 40,000 ரேண்ட். கூரைத் தகரத்துக்குத்தான் சரியாகும். அதற்கும் தேசிய லாட்டரி ஆணையத்தில் பதிவு செய் என்கிறது தென்னாப்பிரிக்காவின் 1997-ஆம் ஆண்டு லாட்டரிச் சட்டம். காசினோவையும் கோயில் ராஃபிளையும் ஒரே தராசில் வைக்கிறார்கள். சிறு சங்கங்களைப் பதிவிலிருந்து அடியோடு விலக்க வேண்டும்.

கணக்குநோட்டு:
ஒரே தராசு இல்லை ஐயா. காசினோவும் பிங்கோவும் மாகாணச் சூதாட்ட அமைப்பின் கையில். ராஃபிள் லாட்டரிச் சட்டத்தில். அதிலும் மூன்று வாசல் உண்டு: விழாவோடு சேர்ந்த குலுக்கல், உறுப்பினருக்குள் மட்டும் நடக்கும் குலுக்கல், பொதுமக்களுக்கு விற்கும் சங்கக் குலுக்கல். மூன்றாவதற்குத்தான் பதிவு. முதல் வாசலில் போனால் நீங்கள் கேட்கிற விலக்கு ஏற்கெனவே இருக்கிறது. சீட்டை விழா நடக்கும் இடத்தில், நடக்கும் நேரத்தில் மட்டும் விற்க வேண்டும். முடிவும் அங்கேயே சொல்ல வேண்டும். பரிசு பணமாக இருக்கக் கூடாது. மிச்சம் யார் சட்டைப்பைக்கும் போகக் கூடாது. கூட்டம் குலுக்கலுக்காகவே வந்ததாகவும் இருக்கக் கூடாது.

உம்பிலோவாசி:
ஒரே மாலையில் 2,000 சீட்டா? பிரியாணி வரிசையில் 300 போனாலே பெரிது. அதனால்தான் ஒரு மாதம் முன்பே வீட்டுக்கு வீடு புத்தகம் கொடுக்கிறார்கள்.

கணக்குநோட்டு:
கொடுத்த அன்றே முதல் வாசல் அடைபட்டது. வாட்ஸ்அப்பில் 'எண் சொல்லுங்கள், வங்கியில் போடுங்கள்' என்று ஊருக்கெல்லாம் அனுப்பினால் இரண்டாவதும் போச்சு. வாங்குகிறவர் உறுப்பினரா என்று யார் பார்த்தது?

சாட்ஸ்வர்த் அக்கா:
சட்டத்தை விடுங்கள், சண்டை எங்கே வருகிறது என்று பாருங்கள். விற்காத சீட்டின் அடிக்கட்டையும் டிரம்முக்குள் விழுந்து, அதற்கே முதல் பரிசு வரும். பணம் கட்டியவர் குறிப்பில் எண்ணை எழுதியிருக்க மாட்டார். அதே எண் இன்னொருவருக்கும் போயிருக்கும். எல்லாவற்றையும் விட மோசம், விற்பனை மந்தம் என்று குலுக்கல் தேதியைத் தள்ளுவது. ஒரு தடவை தள்ளினால் அடுத்த வருஷம் யாரும் வாங்க மாட்டார்கள்.

வழி கஷ்டமில்லை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் வரிசை எண். வாங்கிப் போகிறவர் பேரேட்டில் கையெழுத்து. குலுக்கலுக்கு 2 நாள் முன்பே எல்லாப் புத்தகமும் திரும்ப வர வேண்டும், பாதி விற்றதும் முழுசாய் விற்காததும் சேர்த்து. விற்றதன் அடிக்கட்டையை மட்டும் கிழித்து எண்ணி, எண்ணிக்கையை 20-ஆல் பெருக்கி, பணத்தோடு ஒத்துப் பார்த்த பிறகே டிரம். எடுக்கிற கை கமிட்டிக் கை வேண்டாம்.

உம்பிலோவாசி:
அக்கா சொன்ன எதற்கும் பதிவு தேவையில்லையே! பதிவு செய்தவன் திருட மாட்டானா? லாட்டரிப் பணத்திலிருந்து அந்த ஆணையம் கொடுத்த மானியங்களையே 2020 முதல் அரசின் சிறப்புப் புலனாய்வுப் பிரிவு விசாரிக்கவில்லையா? முதலில் அவர்கள் வீட்டைப் பெருக்கட்டும்.

கணக்குநோட்டு:
விசாரணை உண்மை. ஆனால் அது மானியப் பணம் பற்றியது. சரிபார்க்காமல் பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதை விட நல்ல உதாரணம் கிடையாது. பதிவு திருட்டைத் தடுக்காது, ஒத்துக்கொள்கிறேன். சீட்டு வாங்கியவர் 'யாரிடம் கேட்பது' என்று நின்றால், பதில் சொல்ல ஒரு பெயர் எழுத்தில் இருக்கும். இப்போது கோயில் தலைவர் மாறினால் கேள்வியும் மாறிப்போகிறது.

மரிட்ஸ்பர்க் தம்பி:
ராஃபிள் சீட்டுக்கு 18ஏ வரி ரசீது (நன்கொடைக்கு வருமான வரிக்கழிவு பெற உதவும் ரசீது) தரலாமா?

கணக்குநோட்டு:
கூடாது தம்பி. பரிசு வாய்ப்புக்குக் கொடுத்த காசு நன்கொடை ஆகாது. வரிக்கழிவு வேண்டுகிறவர்களிடம் குலுக்கலே இல்லாமல் கேளுங்கள். 200 குடும்பம், தலா 200 ரேண்ட், அதே 40,000. கோயிலுக்கு 18ஏ அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சமய வேலைக்கு மட்டும் என்றால் கிடைக்காது. மருந்தகம், ஏழைகளுக்கு உணவு மாதிரி வேலைகளுக்குத்தான்.

சாட்ஸ்வர்த் அக்கா:
200 கொடுக்க முடியாத வீடுதான் 20 கொடுக்கிறது, தெரியுமா? காவடிக்கு வருகிற பாதிப் பேர் அந்தக் கணக்கில்.

உம்பிலோவாசி:
அதைத்தானே நானும் சொல்கிறேன். சரி, வீட்டு விற்பனை வேண்டாம். பால்குட விழாவன்றே இரண்டு மேசை போட்டு விற்கலாம். பணப்பரிசுக்குப் பதில் மளிகைக் கூடை, ஒரு கேஸ் அடுப்பு. 600 சீட்டு போனாலும் 12,000. மீதிக்கு உண்டியல். ஆனால் பதிவு விஷயத்தில் என் கட்சி மாறவில்லை.