ஆல் சீசன் டூவே (உறைக்குள்ள போட்டுப் போத்தற, உள்ள அடைச்ச தடிப் போர்வை) வாங்கறது லாபமா? வீட்ல ஒருத்தருக்கு குளிருது, ஒருத்தருக்கு வேர்க்குது (யுகே)

லீட்ஸ்_கொங்கன்

எல்லாருக்கும் வணக்கமுங்க. லீட்ஸ்ல ஒரு பழைய டெரஸ் (வரிசையா ஒட்டிக் கட்டுன) வீட்ல வாடகைக்கு இருக்கறோம், நானும் வீட்டுக்காரம்மாவும். கேஸ் பில்லுக்கு பயந்து படுக்கப் போறப்ப ஹீட்டிங்க ஆஃப் பண்ணிருவோம், விடியக்காலைல ரூம் 14 டிகிரிக்கு வந்துருது. இப்ப இருக்கற டூவே நாங்க இங்க வந்த புதுசுல சூப்பர்மார்க்கெட்ல அவசரத்துக்கு எடுத்த 13.5 டாக் (கதகதப்புக்கு போடற அளவு, கூடக்கூட சூடு) பாலியஸ்டர். அவளுக்கு அது போதும், சில நாள் அதுவும் பத்தல. எனக்கு நடுராத்திரி முதுகெல்லாம் நனைஞ்சு போய் கால வெளிய நீட்டிட்டு படுத்திருப்பேன். மே மாசம் ஆச்சுன்னா அத சுருட்டி அலமாரி மேல போட்டுட்டு ஊர்ல இருந்து கொண்டாந்த போர்வைய போத்திக்கறோம், ஆனா இந்த ஊரு ஜூன்ல கூட திடீர்னு ஒரு நாள் ராத்திரி குளிருமுங்களே, அன்னைக்கு மறுபடி அலமாரி மேல ஏறணும்.

இப்ப 4.5 + 9 டாக் சேர்ந்த ஆல் சீசன் செட்டுன்னு ஒன்னு பார்க்கறேன், ரெண்டையும் பட்டன் போட்டு ஒன்னாக்கலாம், தனித்தனியாவும் யூஸ் பண்ணலாம்ங்கறாங்க. உண்மைலயே வேலைக்கு ஆகுமா இல்ல சும்மா விக்கறதுக்கு சொல்றதா? உள்ள என்ன அடைச்சத வாங்கறதுன்னும் குழப்பம். நாங்க சைவம், வாத்து இறகு வேண்டாம்னு அவ கண்டிப்பா சொல்லிட்டா. ரீசைக்கிள் பாட்டில்ல செஞ்சது, கம்பளி, பட்டு, மூங்கில்னு எல்லாத்துலயும் பச்சை இலை படம் போட்டு ஈக்கோ ஈக்கோங்கறாங்க, எத நம்பறது? கிங் சைஸ் கட்டில், பட்ஜெட் 120 பவுண்டு வரைக்கும். அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.


டிட்ஸ்பரி_அண்ணாச்சி

தம்பி, முதல்ல இந்த டாக்னா என்னன்னு தெரிஞ்சுக்கிட்டா பாதிக் குழப்பம் தீர்ந்துரும். இது எங்க ஏரியா சமாச்சாரம், மான்செஸ்டர் டிட்ஸ்பரில ஷர்லி இன்ஸ்டிட்யூட்னு ஒரு ஜவுளி ஆராய்ச்சிக்கூடம் இருந்துச்சு, அங்க 1940கள்ல உருவாக்குன அளவு. துணி எவ்வளவு சூட்ட வெளிய விடாம தடுக்குதுங்கறது தான் கணக்கு. லேசான கோடைகால கோட் சூட் 1 டாக், அப்படி வச்சுக்கிட்டுப் பாரும், 13.5ன்னா எவ்வளவுன்னு புரியும். இன்னொன்னு, டாக்குக்கும் கனத்துக்கும் சம்பந்தமே கிடையாது. நம்ம ஆளுங்க கடைல கைல தூக்கிப் பார்த்து கனமா இருந்தா நல்லாச் சூடா இருக்கும்னு எடுத்துட்டு வந்துருதாங்க.

செட்டு வேலைக்கு ஆகும். ரெண்டு அடுக்கோட தடையும் அப்படியே கூட்டிக்கும், 4.5ம் 9ம் சேர்ந்தா 13.5, ஏமாத்து வேலை இல்ல. கோடைக்கு 4.5 மட்டும், ஏப்ரல் அக்டோபர் மாதிரி ரெண்டுங்கெட்டான் மாசத்துக்கு 9, ஜனவரில ரெண்டும். 4.5 + 10.5ன்னு 15 டாக் வர்ற செட்டும் விக்கான், அது உமக்கு வேண்டாம், இப்பவே வேர்க்குதுன்னு சொல்லுதீரு.

வாங்கும்போது பட்டன் எங்கெங்க இருக்குன்னு பாரும். நாலு மூலைல மட்டும் இருந்தா நடுவுல ரெண்டும் தனித்தனியா நகர்ந்து உள்ள இருக்கது ஒரு பக்கமா சுருண்டுரும், காலைல எந்திரிச்சு கவருக்குள்ள தலைய விட்டு சரி பண்ணணும். ஓரத்துலயும் இடையில பட்டன் இருக்கணும்.

ஆனா உம்ம பிரச்சினை சீசன் இல்ல, ரெண்டு பேருக்கு ஒரே போர்வைங்கறது தான். ஸ்வீடன், டென்மார்க், ஜெர்மனி பக்கமெல்லாம் ஒரே கட்டில்ல ஆளுக்கு ஒரு சிங்கிள் டூவே தான் போடுவாங்க. இங்க சிங்கிள் 135க்கு 200 செமீ, கிங் கட்டில் 150 அகலம், ரெண்டு சிங்கிள் தாராளமா கொள்ளும். அவங்களுக்கு 4.5 + 9 செட்டு, உமக்கு ஒரு 7.5. சண்டையே இல்ல.


ஹரோ_அக்கா

தம்பி, அண்ணாச்சி சொன்னது சரி, ஆனா ஆம்பிளையள் ஒருத்தரும் தோய்க்கிறதப் பற்றிக் கதைக்க மாட்டினம். டூவே வாங்கேக்க முதல் கேட்க வேண்டிய கேள்வி இது உங்கட மெசினுக்க போகுமோ எண்டதுதான். வீட்டில 7 கிலோ, 8 கிலோ மெசின் வச்சிருக்கிற சனம் 13.5 கிங் சைஸத் திணிச்சா தண்ணி உள்ளுக்க போகாது, சோப்பும் போகாது, வெளிய எடுத்தா நடுப்பகுதி காய்ஞ்சபடி இருக்கும். பேந்து லோண்டரெட்டுக்குக் காவிக்கொண்டு போகோணும். ஆல் சீசன்ல எனக்குப் பிடிச்ச ஒரே விசயம் 4.5 துண்ட வீட்டிலயே தோய்க்கலாம், 9ஐ வருசத்தில ஒருக்கா ரெண்டு தரம் வெளிய குடுக்கலாம். சின்னப் பிள்ளையள் இருக்கிற வீடெண்டா இது பெரிய உதவி. டஸ்ட் மைட் (தூசிப் பூச்சி) சாகோணும் எண்டா 60 டிகிரியில தோய்க்க ஏலக்கூடியதா இருக்கோணும், லேபில்ல 40 எண்டு மட்டும் போட்டிருந்தா அலர்ஜி, முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இருக்கிறாக்கள் வாங்காதேங்கோ.

காயவிடுறதுதான் இன்னும் பெரிய சோலி. வாடகை வீட்டில ரேடியேட்டருக்கு மேல நனைஞ்ச டூவேயப் போட்டா அந்த ஈரமெல்லாம் சுவருக்குப் போய்ப் பூஞ்சணம் பிடிக்கும், உள்ளுக்கும் மக்கின மணம் வரும். காத்து வெயில் உள்ள நாளாப் பாத்துத் தோயுங்கோ.

வீட்டில கைக்குழந்தை இருந்தா, இல்லாட்டி வரப்போகுது எண்டா, ஒரு வயசு வரைக்கும் பிள்ளைக்கு டூவேயும் தலாணியும் போடக் கூடாது எண்டு என்எச்எஸ் (இங்கத்தை அரச சுகாதார சேவை) தெளிவாச் சொல்லுது. ஊரில இருந்து வாற அம்மாமார் பிள்ளைக்குக் குளிரும் எண்டு எங்கட டூவேய இழுத்துப் போத்துவினம், அதுக்காகச் சொன்னனான்.


பிரிஸ்டல்_பூபதி

எல்லாரும் வாங்கு வாங்குங்கறீங்க. இருக்கறத தூக்கிப் போட்டுட்டு புதுசா ஈக்கோ டூவே வாங்கறதுல என்னய்யா ஈக்கோ இருக்கு? அந்த பாலியஸ்டர் 13.5ஐ என்ன பண்ணுவீங்க? சாரிட்டி கடைல பெரும்பாலும் டூவே எடுக்க மாட்டாங்க, கடைசில குப்பை டிப்புக்குத்தான் போகும். ஆல் சீசன்ங்கறது ரெண்டு போர்வைய ஒரு பையில போட்டு விக்கறது, அவ்வளவுதான். கோடைக்கு ஒரு 4.5 மட்டும் தனியா வாங்கிக்கங்க, குளிருக்கு பழசையே அவங்க போத்திக்கட்டும், நீங்க 4.5க்கு மேல ஒரு கம்பளி போட்டுக்கங்க. செலவு 30 பவுண்டு கூட ஆகாது.


லீட்ஸ்_கொங்கன்

பூபதி அண்ணா சொல்றது நியாயமாத்தான் படுது. ஆனா அந்த பழசு கட்டி கட்டியா ஆயிருச்சுங்க, வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் புடிச்சா சில கட்டத்துல ஒன்னுமே இல்ல, பக்கத்து கட்டத்துல உருண்டையா இருக்குது.

ஹரோ அக்கா, நன்றிங்க, மெசின் விசயம் எனக்குத் தோணவே இல்ல. அம்மா அப்பா அடுத்த கோடைக்கு வர்றாங்க, அப்ப அந்த 4.5 துண்ட அவங்களுக்குக் குடுத்தரலாம்னும் ஒரு கணக்கு.

உள்ள அடைக்கறது பத்தி யாருமே சொல்லலீங்களே?


கரூர்_மெர்ச்சண்டைசர்

நான் யுகேல இல்ல, கரூர்ல ஹோம் டெக்ஸ்டைல் எக்ஸ்போர்ட்ல இருக்கேன், நீங்க அங்க போத்திக்கற கவர் பாதி எங்க ஊர்ல தச்சுதான் வருதுன்னு நாங்க பீத்திக்குவோம். லேபிள் மட்டும் சொல்றேன், ஏன்னா இதுல தான் எல்லாரும் ஏமாறாங்க.

ஓக்கோ டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100ன்னு போட்டிருந்தா துணில உடம்புக்கு கெடுதலான கெமிக்கல் குறிப்பிட்ட அளவுக்கு மேல இல்லன்னு அர்த்தம், அது ஈக்கோ லேபிள் கிடையாது. பெட்ரோலியத்துல இருந்து வந்த புத்தம்புது பாலியஸ்டருக்கும் அந்த சர்டிபிகேட் கிடைக்கும், இலை படம் போடறவங்க பல பேர் இத வச்சுத்தான் ஓட்டறாங்க. ஆர்கானிக் காட்டன்னா ஜிஓடிஎஸ் (ஆர்கானிக் துணிக்கான சர்டிபிகேட்) இருக்கான்னு பாருங்க, அதுலயும் ரெண்டு கிரேடு, வெறும் ஆர்கானிக்னு போட 95 சதவீதம் ஆர்கானிக் நார் இருக்கணும், மேட் வித் ஆர்கானிக்னு போட 70 போதும். அதுல பஞ்சு மட்டும் இல்ல, சாயம், கழிவுத் தண்ணி, கூலின்னு மில்லு வரைக்கும் வந்து பார்ப்பாங்க, ஆடிட் வர்ற வாரம் ஆபீஸ்ல ஒருத்தனும் நேரத்துக்கு வீட்டுக்குப் போக முடியாது. ரீசைக்கிள் பாலியஸ்டருக்கு ஜிஆர்எஸ்ங்கற சர்டிபிகேட். சர்டிபிகேட் நம்பர் போட்டிருக்கும், போடலன்னா கேளுங்க, கேட்டும் குடுக்கலன்னா வாங்காதீங்க. மூங்கில்னு சொல்றது பெரும்பாலும் மூங்கில் கூழ கெமிக்கல்ல கரைச்சு எடுத்த விஸ்கோஸ், அதுவும் டூவேல வெளித்துணிலயோ கொஞ்சமா கலந்தோ தான் இருக்கும், உள்ள என்ன சதவீதம்னு படிச்சுப் பாருங்க, பாலியஸ்டர் தான் நெறைய இருக்கும்.

அப்பறம் வேர்வை. உங்க கவர் என்ன துணி? பாலி காட்டன் கவர போட்டுட்டு உள்ள எவ்வளவு காஸ்ட்லியா வச்சாலும் வேர்க்கத்தான் செய்யும். 100 சதவீதம் காட்டன், பெர்கேல் நெசவு (நூல் ஒன்னு மேல ஒன்னு கீழன்னு நெய்யறது), 200 திரெட் கவுண்ட் (ஒரு சதுர அங்குலத்துல இருக்கற நூல் எண்ணிக்கை) இருந்தா போதும். 800, 1000ன்னு போடறது பல நேரம் ஒரு நூல ரெண்டு மூணு பிளையா (இழையா) முறுக்கி ஒவ்வொன்னையும் தனியா எண்ணறது, நெருக்கமா இருக்கறதால காத்தும் போகாது.


டிட்ஸ்பரி_அண்ணாச்சி

கரூர் தம்பி சொன்ன கவர் விசயம் லட்சத்துல ஒரு வார்த்தை. 13.5ஐ தூக்கறதுக்கு முன்னாடி கவர மாத்திப் பாரும்.


யார்க்‌ஷயர்_மலர்

கம்பளி வாங்கலாமான்னு யாரும் சொல்லல, நான் சொல்றேன். இங்க யார்க்‌ஷயர்ல ஆட்டுக்கா பஞ்சம், பிரிட்டிஷ் கம்பளில செஞ்ச டூவே நெறைய கிடைக்குது. இடையில கம்பளிக்கு விலையே இல்லாம, கத்தரிக்கற கூலி கூட தேறலன்னு பண்ணைக்காரங்க எரிச்ச செய்தியெல்லாம் வந்துச்சு, அதனால பக்கத்துல வளர்ற பொருள வாங்கறோம்ங்கற திருப்தி இருக்கு. அதோட எடைல மூணுல ஒரு பங்கு ஈரத்த உள்ள இழுத்துக்கிட்டாலும் தொட்டா ஈரம் தெரியாது, மெதுவா வெளிய விட்டுரும். உங்களுக்கு வேர்க்கறது சூட்டால மட்டும் இல்ல, பாலியஸ்டர் அந்த ஈரத்த எங்கயும் போக விடாம உங்க மேலயே நிறுத்தி வைக்கறதால. நாங்க கம்பளிக்கு மாறுனதுல இருந்து அவருக்கும் எனக்கும் ஒரே டூவே போதுமானதா இருக்கு, அதனால ரெண்டு சிங்கிள் போட்டுத்தான் ஆகணும்னு இல்ல.

கழுவறது தான் கஷ்டம். மெசின்ல போடக் கூடாதுன்னு பலதுல போட்டிருக்கும், காத்தாட தொங்க விட்டா வாசனை போயிரும். ஹரோ அக்கா சொன்ன 60 டிகிரி கணக்குக்கு இது ஆகாது. பூச்சி அரிக்கும், கோடைல மடிச்சு வைக்கறப்ப காட்டன் பைல போட்டு வைங்க. கம்பளில நெறைய பேர் டாக் போட மாட்டாங்க, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்னு போடுவாங்க, லைட், மீடியம்னு பார்த்து எடுக்கணும். 120க்கு நல்ல கிங் சைஸ் செட்டு கம்பளில கிடைக்காது, சிங்கிள் மீடியம் ஒன்னு வேணா சேல்ல மாட்டும்.


பிரிஸ்டல்_பூபதி

ஆட்டு ரோமம் மட்டும் சைவமா? 😀


யார்க்‌ஷயர்_மலர்

ஆட்ட கொல்லாம கத்தரிக்கறது தானே, பால் குடிக்கறவங்க இதுக்கு யோசிக்க வேண்டாம். பட்டுக்குத் தான் யோசிக்கணும், கூட்டோட புழுவ வேக வச்சுத்தான் நூல் எடுக்கறாங்க.


தேனி_டு_டெர்பி

யாரும் இலவம் பஞ்ச சொல்லலயே! எங்க போடி பக்கம் மெத்தை தலகாணி எல்லாம் அதுல தான், இங்க அதையே கேபோக்னு பேர் மாத்தி ஆர்கானிக் கடைல வச்சு விக்கறாங்க, விலையப் பாத்தா மயக்கமே வருது. மரத்துல காய்ச்சு வெடிக்கறது, மருந்தடிக்கற வேலை கிடையாது, நாருக்குள்ள வெறும் காத்து தான், அதனால லேசு. அந்தக் காலத்துல லைஃப் ஜாக்கெட்டுக்குள்ள அடைச்சதே இதத்தான். ஆனா உண்மைய சொல்லணும்ல, தலகாணிக்கு அருமை, டூவேக்கு சுமார் தான், அமுங்கிப் போனா வெயில்ல போட்டுத்தான் உப்ப வைக்கணும், டெர்பில வெயிலுக்கு எங்க போறது. கழுவவும் முடியாது.


ஹரோ_அக்கா

கம்பளி நல்லதுதான், ஆனா வாடகை வீடு, 120 பவுண்டு, மெசின்ல தோய்க்கோணும் எண்டா நான் ரீசைக்கிள் பாலியஸ்டர் 4.5 + 9 தான் சொல்லுவன். வடிவா கட்டம் கட்டமாத் தைச்சதா எடுங்கோ, அந்தத் தையல் நெருக்கமா இருந்தாத்தான் உள்ளுக்க உருண்டு திரளாது. உங்கட பழசுக்கு நடந்தது அதுதான். பழச எறியாதேங்கோ, பக்கத்தில நாய் பூனை பராமரிக்கிற இடங்கள் இருந்தா கேளுங்கோ, இறகு இல்லாத டூவே எண்டா சில இடங்களில எடுப்பினம்.


லீட்ஸ்_கொங்கன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. வீட்ல பேசிட்டோம். ரெண்டு சிங்கிளுக்கு அவ ஒத்துக்கிட்டா, முதல்ல ஒரு மாதிரி பார்த்தா, அப்பறம் நான் ராத்திரி போர்வைய இழுக்கறத சொல்லிக் காட்டி சரின்னுட்டா. அவளுக்கு ஜிஆர்எஸ் போட்ட 4.5 + 9 செட்டு சிங்கிள்ல, எனக்கு மலர் அக்கா சொன்ன மாதிரி மீடியம் கம்பளி ஒன்னு சேல் வர்றப்ப. அது வரைக்கும் அவளோட 4.5 எனக்கு, பழசு அவளுக்கு.

ஒரே ஒரு சந்தேகமுங்க, ஐகியால சிங்கிள் கவர் 150க்கு 200ன்னு போட்டிருக்கு, நம்ம டூவே 135. போடலாமா?


கரூர்_மெர்ச்சண்டைசர்

போடாதீங்க, 15 செமீ சும்மா தொங்கும், டூவே உள்ள ஒரு ஓரமா ஒதுங்கிரும். யுகே சைஸ் 135 x 200ன்னே பார்த்து வாங்குங்க. ஆல் சீசன்ல ரெண்டும் சேர்ந்தா தடிமன் வேற கூடும், அதனால கவர்ல உள்பக்க மூலைல நாடா இருக்கறதா எடுங்க, டூவேல அதுக்கு லூப் இருக்கான்னும் பார்த்துக்கங்க.