24 மெஷின், ஒரே ஆள்: செக்கிங்கை இன்னொருத்தர் கையில் விடலாமா?

நூல்கண்டு (திருப்பூர்):
வணக்கம். 24 மெஷின் வைத்து டி-சர்ட் தைக்கிறேன். 11 வருசமாச்சு. காலையில் கட்டிங் டேபிளில் துணி விரிப்பதிலிருந்து ராத்திரி டெலிவரி சலான் எழுதுவது வரை எல்லாம் நானே. போன மாசம், வெளிநாட்டு பையர்களுக்காக ஆர்டர் கொடுக்கும் ஒரு பையிங் ஆபீசில் சாம்பிளோடு நேரில் வரச் சொன்னார்கள். முதல் தடவை சாயப்பட்டறையில் லாட் (ஒரே தடவையில் சாயம் போட்ட துணி) சிக்கல், அடுத்த தடவை சனிக்கிழமை சம்பளம். இரண்டு தடவையும் போக முடியவில்லை, ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விட்டது. மேனேஜர் போடச் சொல்லி வீட்டில் சண்டை. ஆனால் தைத்த பீஸைப் பார்த்து பாஸ் பண்ணும் செக்கிங்கை விட்டுக்கொடுக்க மனசே வரவில்லை.

பேரேடு (ஈரோடு):
அண்ணா, மேனேஜர் சம்பளம் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறீர்கள். கைநழுவிய ஆர்டரில் எவ்வளவு போச்சு என்று போட்டீர்களா? முதலில், யார் செய்தாலும் ஒரே மாதிரி வரும் வேலையைக் கொடுங்கள். சலான், ஸ்டாக் புத்தகம், மாசாமாசம் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டி கணக்கு (11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி). பேங்க் வேலையும் அப்படித்தான். பணம் அனுப்ப வேண்டியதை ஒருத்தர் ஏற்றி வைக்கட்டும், ஒப்புதல் மட்டும் உங்கள் போனில் இருக்கட்டும். இதிலேயே தினம் இரண்டு மணி நேரம் மிஞ்சும்.

பழையகை:
சலானைக் கொடுங்க, வேண்டாம்னு சொல்லல. செக்கிங்கை விடாதீங்க தம்பி. நான் விட்டுப் பட்டவன். மேனேஜரை நம்பி 10 நாள் ஊருக்குப் போனேன். பாடி துணி ஒரு லாட், கழுத்துக்கு வைக்கிற ரிப் துணி இன்னொரு லாட். டியூப் லைட்டுல ரெண்டும் ஒரே நேவி. வாசல்ல வெயில்ல புடிச்சா ரிப் ஊதா அடிக்குது. 3,000 பீஸ், மொத்தமும் திரும்பி வந்துச்சு. கடைசில காதர்பேட்டை மொத்த மார்க்கெட்டுல கிடைச்ச விலைக்குத் தள்ளினேன். மூட்டையை ஏத்தும்போது எம்பொண்டாட்டி பேசவே இல்ல. உடையவன் பாரா வேலை ஒரு முழம் கட்டைன்னு சும்மாவா சொன்னாங்க?

பேரேடு:
உங்கள் நஷ்டம் புரிகிறது ஐயா. ஆனால் அன்று நீங்களே இருந்து, அதே டியூப் லைட்டில் பார்த்திருந்தாலும் பீஸ் பாஸ் ஆகியிருக்குமே? அங்கே இல்லாமல் போனது, பகல் வெளிச்சம் மாதிரி நிறத்தைக் காட்டும் டி65 பல்பு போட்ட ஒரு லைட் பாக்ஸ். லாட்டுக்கு ஒரு துண்டு வெட்டி ரிஜிஸ்டரில் பின் அடித்து வைத்திருந்தால் வேலைக்குப் புதுசாக வந்தவர்கூட ஒப்பிட்டுப் பார்த்திருப்பார். உங்கள் கண்ணுக்குத் தெரிந்ததை நீங்கள் எழுதி வைக்கவில்லை.

பழையகை:
எழுதி வச்சா மட்டும் அக்கறை வந்துருமா? மெக்டொனால்ட் பர்கர் கடைக் கதையையே எடுங்க. 1948ல அமெரிக்காவுல சான் பெர்னார்டினோ கடையில அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சமையல்கட்டையே பிரிச்சு, ஆளுக்கு ஒரு வேலைன்னு அமைச்சாங்க. அருமையான ஏற்பாடு. அப்புறம் கிளை திறக்கிற வேலையையும் ரே கிராக்குங்கிற சேல்ஸ்மேன் கையில கொடுத்தாங்க. 1961ல 27 லட்சம் டாலரை வாங்கிக்கிட்டு வெளியேறினாங்க. கம்பெனி அவர் கைக்குப் போயிடுச்சு.

பேரேடு:
நான் சொல்வதும் அதேதான்! பர்கர் சுடுவதைக் கொடுத்ததால் அவர்களுக்கு எதுவும் போகவில்லையே. கடையை வளர்க்கும் வேலையைக் கொடுத்ததில்தான் போச்சு. நூல்கண்டு அண்ணன் இப்போது பர்கரைக் கையில் வைத்துக்கொண்டு, பையரைப் பார்க்கப் போகும் வேலையைத்தான் விட்டுக்கொண்டிருக்கிறார்.

தையல்நாயகி (அவிநாசி):
ரெண்டு பேருக்கும் ஒன்று சொல்கிறேன். பையரோட ஆள் பைனல் இன்ஸ்பெக்‌ஷனில் எல்லா பீஸையும் பார்க்கிறாரா என்ன? ஏக்யூஎல் (எத்தனை குறை வரை ஏற்கலாம் என்ற அளவு) 2.5 என்றால் 3,000 பீஸில் 125 எடுப்பார். பெரிய குறை 7 வரை பாஸ், 8 வந்தால் ரிஜெக்ட். அவருக்கே அளவுகோல் காகிதத்தில்தான் இருக்கிறது, அது உங்கள் செக்கிங் டேபிளுக்கு ஆகாதா? ஆனால் வெளியிலிருந்து மேனேஜர் கொண்டுவராதீர்கள் அண்ணா. உங்கள் டேபிளிலேயே வருசக்கணக்காக நிற்கும் ஒரு அக்கா இருப்பாங்க. பெயர் இல்லாமல் அந்த வேலையை அவங்கதான் செய்துகொண்டிருப்பாங்க. பொறுப்பையும் அதற்கான சம்பளத்தையும் கொடுங்கள். சனிக்கிழமை கவரை மட்டும் உங்கள் கையாலேயே கொடுங்கள். யார் முகம் வாடியிருக்கிறது, யார் அடுத்த வாரம் வரமாட்டார் என்பதெல்லாம் அந்த நேரத்தில்தான் தெரியும்.

நூல்கண்டு:
எல்லோருக்கும் நன்றி. எங்கள் டேபிளில் 9 வருசமா இருக்கும் அக்காவிடம் இன்று பேசினேன். சம்பளத்தைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு: "பீஸ் தப்பா வந்தா தையல் லைனை நிறுத்தலாங்களா?" பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நிறுத்தலாம் என்றேன். வியாழக்கிழமை சாம்பிளோடு பையிங் ஆபீஸ் போகிறேன்.

பழையகை:
நல்லது தம்பி. அதை டெய்லர்கள், லைன் சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் ஒருக்கா சொல்லிருங்க. லைட் பாக்ஸும் வாங்கிருங்க, அந்த விசயத்துல ஈரோட்டுத் தம்பி சொன்னது சரிதான். இன்னும் ஒண்ணு. கண்டெய்னர் வாசல்ல நிக்கிற அன்னிக்கு அந்தம்மா லைனை நிறுத்தும். நீங்க வெளியூர்ல இருப்பீங்க, போன் வரும். அன்னிக்கு என்ன சொன்னீங்கன்னு இங்க வந்து எழுதுங்க.