‘ரோம்’ தொடர் பார்த்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

அமெரிக்க டிவி சேனல் எச்பிஓவில் 2005 முதல் 2007 வரை வந்த ‘ரோம்’ தொடரை இப்போதுதான் முடித்தேன், மொத்தம் 22 பாகம் (குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற தொடர் இல்லை, சொல்லிவிட்டேன்). இதில் எது வரலாறு, எது கதை என்று பிரித்துப் பார்க்கத்தான் உதவி வேண்டும்.

தொடரின் நாயகர்களான வொரேனஸ், புல்லோ என்ற இரண்டு ரோமானிய வீரர்களும் நிஜத்திலும் இருந்தவர்கள்தான், கோல் நாட்டுப் (இன்றைய பிரான்ஸ் பக்கம்) போர் பற்றிய சீசரின் ஐந்தாம் புத்தகத்தில் வருகிறார்கள். யார் வீரன் என்று போட்டி போடும் இரண்டு செஞ்சுரியன்கள் (ரோமானியப் படையில் ஒரு பிரிவின் தலைவர்கள்), எதிரி வீசிய ஈட்டி கேடயத்தைத் துளைத்து, உறை நகர்ந்துபோய், வாளை உருவ முடியாமல் தவிக்கும் புல்லோவைக் காப்பாற்ற வொரேனஸ் ஓடிவருகிறான், அப்புறம் அவன் தடுக்கி விழ, புல்லோ வந்து மீட்கிறான். அதற்கு மேல் எல்லாம் கற்பனை போல. ஆக்டேவியனின் (பின்னாளில் ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் ஆனவர்) அம்மா ஆட்டியா கி.மு. 43லேயே இறந்துவிட்டாள், தொடரிலோ கடைசிவரை கோலோச்சுகிறாள்!

சீசர் ரூபிகான் ஆற்றைத் தாண்டிய கி.மு. 49இலிருந்து கி.மு. 31 ஆக்டியம் போர்வரை எளிய நடையில் சொல்லும் புத்தகம் ஏதாவது தெரியுமா? தமிழில் இருந்தால் ரொம்ப நல்லது, இல்லையென்றால் ஆங்கிலமும் சரி. பாட்காஸ்ட் இருந்தாலும் சொல்லுங்கள், பஸ்ஸில் கேட்டுக்கொள்வேன்.